சட்டி இறங்காத சிங்க்

சட்டி பாதியில் நின்றுவிட்டது.

மரிய கொறற்றி முதலில் அதை நம்பவில்லை. கைப்பிடிதான் எங்கோ தட்டுகிறது என்று நினைத்து, சட்டியைத் தூக்கி அரைவட்டம் திருப்பி மறுபடி இறக்கினாள். மறுபடியும் அதே இடத்தில் நின்றது. சட்டியின் காதுகள் இரண்டும் இடமும் வலமுமாக, எதிலும் படாமல் சும்மாதான் இருந்தன. பிடித்துக்கொண்டிருந்தது கல். கறுப்புக் கிரனைட்டில் வெட்டிய அந்த நீள்சதுர வாய்க்குள் சட்டியின் அடி மட்டும் போய், வயிறு முன்னும் பின்னும் கல்லில் இறுகி உட்கார்ந்துவிட்டது. அதற்குக் கீழே புது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சிங்க் ஒரு பொட்டு அழுக்கில்லாமல் மினுங்கியது. புது வருஷம் கழிந்து கந்தோர், ஆபீஸ் எல்லாம் திறந்த முதல் நாள் அது. சோத்துப் பார்சல்களைக் கட்டி, த்ரீவீலில் ஏற்றி, மாத்தளைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, இன்றைக்கு நின்றபடி கழுவப்போகிறோம் என்ற சந்தோஷத்தோடு வந்தவள் அவள். சந்தோஷம் சட்டியோடு சேர்ந்து பாதியில் நின்றது.

ஆத்திரத்தில் இரண்டு கையாலும் ஓங்கி அழுத்தினாள். கிறீச்சென்று ஒரு சத்தம். சட்டி கொஞ்சம் இறங்கியது. பிறகு மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை.

சத்தம் கேட்டு லெஸ்லி ஹோலில் இருந்து எழும்பி வந்தார். ரயில்வேயில் வேலை செய்து பென்சன் எடுத்த மனுஷன். எதையும் ஓடிவந்து பார்க்கிற பழக்கம் அவருக்கு இல்லை. ஆனால் இந்தப் பென்ட்றியில், இந்தப் புதுச் சமையலறையில், ஒரு கரண்டி விழுந்தாலும் ஓடிவருவார்.

"என்னா செய்ற நீ? அழுத்தாத, அழுத்தாத. கல்லு வெடிச்சிரும்."

"சட்டி எறங்கமாட்டேங்குது."

"இந்தச் சட்டிய யாரு இதுக்குள்ள போடச் சொன்னது?"

கொறற்றி அவரைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப இத எதுக்குங்க வாங்கினோம்?"

அவர் சட்டியை எட்டிப் பிடித்தார். ஒரு காதை அவரும் ஒரு காதை அவளும் பிடித்து இழுத்தார்கள். அவர் பக்கத்துக் காதின் ஆணி ஒன்று பிடுங்கிக்கொண்டு வந்தது. கடைசியில் ஓரத்தில் தேங்காயெண்ணெய் விட்டு, ஆட்டி ஆட்டி, பல் பிடுங்குகிற மாதிரிப் பிடுங்கி எடுத்தார்கள். லெஸ்லி உடனே துணியை எடுத்துக் கல்லைத் துடைத்து, கீறல் விழுந்திருக்கிறதா என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். அவள் காது ஆடுகிற சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளிப் பைப்புக்குப் போனாள். மழை தூறிக்கொண்டிருந்தது.

அந்த வெளிப் பைப்தான் அத்தனைக்கும் காரணம். உக்குவளையில் அவர்கள் வீடு கட்டிய நாளிலிருந்து பெரிய பாத்திரமெல்லாம் அங்கேதான். நிலத்தோடு ஒரு சீமெந்துத் தொட்டி, அதற்கு மேல் முழங்கால் உயரத்தில் ஒரு பைப். குந்திக்கொண்டுதான் கழுவ வேண்டும். எஸ்டேட் தோட்டத்தில், பீலியில் வழிகிற தண்ணீரில் பாத்திரம் விளக்கி வளர்ந்தவளுக்குக் குந்துவது ஒரு பெரிய விஷயமாக இருந்ததில்லை. ஐம்பத்தைந்தைத் தாண்டியதும் வலது முட்டு வீங்கத் தொடங்கியது. கிளினிக்கில் டொக்டர் நோனா, "குந்துற வேல எதுவும் இனிமே வேணாம்" என்று சொல்லி அனுப்பினார். குந்தாமல் என்றால் பார்சல் வேலையை விட வேண்டும். விடுவதாவது! மாத்தளையில் நாலைந்து கந்தோர்களில் மத்தியானம் ஆனால் அவளுடைய சோற்றுக்காகக் காத்திருக்கிறார்கள். நாவுலயிலிருந்து வேலைக்கு வருகிற ஒரு கிளார்க் நோனா, பார்சலைக் கையில் வாங்கியதும் மூக்கருகே கொண்டுபோய், "கொறற்றி அக்காகே பத்" என்று சிங்களத்தில் சொல்லிச் சிரிப்பாள். கொறற்றி அக்காவின் சோறு. கோயிலில் அவள் லெஸ்லியின் வீட்டுக்காரி, மகள் ஸ்கூலில் படித்த காலத்தில் பிரின்ஸியின் அம்மா. அந்தக் கந்தோர்களில் மட்டும்தான் அவளுக்குச் சொந்தப் பெயர் இருந்தது. அதை முட்டுக்காக விட்டுக்கொடுக்க அவள் தயாராக இல்லை.

அதனால்தான், நிக்கம்பு டவுனிலிருக்கும் மகள் பிரின்ஸி, "அம்மா, ஒரு நல்ல பென்ட்றி போட்டுக்குங்க, நானும் காசு போடுறேன்" என்று சொன்னபோது, லெஸ்லி தன் அக்கா கெத்தரின் வீட்டுப் பென்ட்றியின் போட்டோக்களைப் போனில் தேட, கொறற்றி ஒரே ஒரு விஷயத்தில் ஒற்றைக்காலில் நின்றாள். கபட் எந்தக் கலர் என்றாலும் சரி, கதவுப் பிடி எந்த மாதிரி என்றாலும் சரி, சோத்துச்சட்டி சிங்க்குக்குள் இறங்க வேண்டும். அவ்வளவுதான்.

கடைக்காரர்களின் அளவை அவள் நம்பவில்லை. சட்டியையே எடுத்துக்கொண்டு மாத்தளைக்குப் போனாள். பஸ்ஸில் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருக்க, கொண்டக்டர் அதற்கும் டிக்கெட் போடவா என்று கேட்டான். பக்கத்து சீட்டில் இருந்த லெஸ்லி தனக்கும் அந்தச் சட்டிக்கும் சம்பந்தம் இல்லாததுபோல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். ஹாட்வெயார் கடையில் கண்ணாடி மாதிரி டைல்ஸ் பதித்த தரையில் வரிசையாக சிங்க்குகளை வைத்திருந்தார்கள். கொறற்றி ஒவ்வொன்றிலும் சட்டியை இறக்கிப் பார்த்தாள். இரட்டைக் குழி சிங்க்கில் சட்டி நடுச்சுவர்மேல் ஏறி நின்றது. பக்கத்தில் பாத்திரம் வடிய வைக்கிற தட்டோடு வந்த சிங்க்கில் குழி சோப்புப் பெட்டி அளவுக்குத்தான் இருந்தது. வட்ட சிங்க்கைப் பார்த்துவிட்டு, "இது மூஞ்சி கழுவவா?" என்று கேட்டாள். கடைக்கு வந்திருந்தவர்கள் வேடிக்கை பார்க்கத் தொடங்கியதும் லெஸ்லி கதவுப் பூட்டுகள் இருந்த பக்கமாக நழுவிவிட்டார்.

கடையில் நின்ற நுஸ்லா என்ற பெண்தான் சிரிக்காமல் கூடவே வந்தாள். கடைசியில் மூலையில் இருந்த ஒன்றைக் காட்டினாள். ஒரே குழி. நல்ல ஆழம். ஓரங்கள் மேலே மடியாமல் தட்டையாக இருந்தன.

"இது அண்டர்மவுண்ட் ஆன்ட்டி. கல்லுக்குக் கீழால பூட்டுற. மத்ததுல மாதிரி விளிம்பு மேல நிக்காது. கல்லுல ஈக்கிற தண்ணி, குப்ப எல்லாத்தையும் கையால அப்படியே உள்ளுக்கு வழிச்சித் தள்ளேலும்."

கொறற்றி காற்றில் ஒருமுறை கையை வீசி வழித்துப் பார்த்தாள். வெங்காயத் தோல், ரம்பையிலைத் தண்டு, பருப்பில் பொறுக்கிய கல், எல்லாம் ஒரே வீச்சில் உள்ளே போயிற்று. பிறகு சட்டியை இறக்கினாள். முன்னால் ஒரு விரல், பின்னால் ஒரு விரல் இடம் விட்டு, டொம்மென்று அடியில் உட்கார்ந்தது. அந்தச் சத்தம் அவளுக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று. நுஸ்லா சிங்க்கின் அடியைத் தட்டிக்காட்டி, ரப்பர் ஒட்டியிருப்பதால் தண்ணீர் விழும்போது தகரம் மாதிரிக் கத்தாது என்றாள். பெட்டியைக் கட்டும்போது மறக்காமல் இன்னொன்றும் சொன்னாள்.

"உள்ளுக்கு ஒரு பெரிய பேப்பர் மடிச்சி வெச்சீக்கி. கல்லு வெட்டுற ஆளுக்கு அதக் குடுங்க. அதுல ஈக்கிற கோட்டுல வெட்டினாச் சரி."

சிங்க் பெட்டி வீட்டுக்கு வந்து ஹோல் மூலையில் பல நாள் இருந்தது. கல் வரத் தாமதம். நத்தாருக்கு, கிறிஸ்துமஸுக்கு, முந்திய வாரத்தில்தான் கிரனைட் வந்தது, அதை வெட்ட ரவூப் வந்தான். அன்றைக்கென்று கொறற்றிக்கு வேலை தலைக்குமேல் இருந்தது. வருஷக் கடைசி என்று கந்தோர்களில் விருந்து, கோழிப் பொரியலோடு கூடுதல் பார்சல். ரவூப் வந்து வாசலில் நின்ற நேரம் அவள் த்ரீவீலில் ஏறிக்கொண்டிருந்தாள். "பெட்டிக்குள்ள பேப்பர் இருக்கு தம்பி, அந்தக் கோட்டுல வெட்டுங்க" என்று கத்திச் சொல்லிவிட்டுப் போனாள். திரும்பி வரும்போது கல் வெட்டி, சிங்க் பூட்டி, ஓரத்தில் சிலிக்கன் பசையும் பூசியாகியிருந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. பேப்பர் கிடைத்ததா என்று கேட்டாள். பெட்டிக்குள் ஒன்றுமில்லை, ரவூப் தன் பழக்கத்துக்கு வெட்டியிருக்கிறான் என்றார் லெஸ்லி. சட்டியை அப்போதே இறக்கிப் பார்த்திருக்கலாம். சிலிக்கன் காயட்டும் என்றார். காய்ந்த பிறகு, ஃபாதர் வந்து வீடு மந்திரித்த பிறகுதான் புழங்கலாம் என்றார். மந்திரிக்காத புது அடுப்பைத் தொடாமல் அவள் வெளிக் குசினியில் சமைத்துக்கொண்டிருக்க, நத்தாருக்கு மறுநாள் ஃபாதர் வந்து, பென்ட்றியில் தீர்த்தம் தெளித்து, சிங்க்கை விரலால் தட்டிப் பார்த்து, எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று கேட்டார். கூட வந்திருந்த கெத்தரின், "எங்க வீட்டுதுல விளிம்பு தெரியுது லெஸ்லி, உன்னோடதுதான் நல்ல பினிஷிங்" என்றாள். அக்கா வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததில் லெஸ்லிக்குத் தரையில் கால் பாவவில்லை.

சட்டி இறங்காத அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. கல் சிங்க்கின் வாயைச் சுற்றி ஓர் அங்குலம் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. விரலை வளைத்துக் கீழே விட்டுத் தடவிப் பார்த்தபோதுதான் அது அவளுக்கு விளங்கியது. சிங்க் அவள் வாங்கிய சிங்க்தான். வாய்தான் வேறு.

மூன்று இராசாக்கள் திருநாள் முடிந்து பாலன் குடிலைப் பிரிக்கிற வேலை எப்போதும் கொறற்றியுடையது. கட்டுகிறபோது லெஸ்லி, பிரிக்கிறபோது அவள். லெஸ்லி கட்டுகிற குடில் அந்த ரோட்டில் பேர்போனது. தடித்த பேப்பரைக் கசக்கி, மாப்பசை பூசி, கரியும் பச்சையும் அடித்து, உண்மையான பாறை என்று தொட்டுப் பார்க்கும்படி ஒரு மலையே எழுப்பிவிடுவார். அவள் சுரூபங்களைத் துணியில் சுற்றி வைத்துவிட்டு, மலையைச் சுருட்ட எடுத்தாள். மாடு நின்ற இடத்துக்குப் பின்னால், பெயிண்ட் படாத உட்பக்கத்தில், புள்ளி புள்ளியாக ஒரு கோடு ஓடியது. ஓடி, மூலையில் வளைந்து, மறுபடி ஓடியது. கோட்டின் பக்கத்தில் கத்தரிக்கோல் படம் ஒன்று. அதற்குக் கீழே இங்கிலீஷில், இந்தக் கோட்டில் வெட்டவும்.

அவள் மலையைத் தூக்கிக்கொண்டு ஹோலுக்கு வந்தாள்.

"இது என்னாங்க?"

லெஸ்லி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்ல தடிச்ச பேப்பரா இருந்திச்சி," என்றார். "அந்த மாதிரி இப்ப கடையில கெடைக்கிறதில்ல."

அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. வயிற்றெரிச்சலோடு கூடிய சிரிப்பு. ரவூப் வந்து அந்த ஹோலில் நின்று, "அண்ணேட கைவேலையா?" என்று குடிலைப் பாராட்டி, தேத்தண்ணி குடித்து, அந்த மலையைப் பார்த்துக்கொண்டே பேப்பர் இல்லை என்று கல்லை வெட்டியிருக்கிறான். பாலன் இயேசுவோடு யார் சண்டை பிடிக்கிறது? தெரியாமல் நடந்த பிழை என்று மனசை ஆற்றிக்கொண்டாள். ரவூப்பைக் கூப்பிட்டு வாயைப் பெரிதாக்கச் சொல்லலாம் என்றாள். லெஸ்லி பிடி கொடுக்கவில்லை. "ஒருக்கா வெட்டின கல்லத் திரும்ப வெட்டினா வெடிக்கும். சின்னச் சின்ன சட்டியா ரெண்டு மூணுல ஆக்கினாப் போச்சி."

ஆக்கிப் பார்த்தாள். மூன்று சட்டியில் மூன்று விதமாகச் சோறு வந்தது. ஒன்று குழைந்தது, ஒன்று விதையாக நின்றது. மறுபடி பெரிய சட்டிக்கே போனாள். சிங்க்கில் அதை இறக்க முடியாததால் கல்லின்மேல் சாய்த்து வைத்துக் கழுவினாள். தண்ணீர் சட்டியின் வயிற்றில் வழிந்து, கல்லில் ஓடி, அவளுடைய வயிற்றை நனைத்து, கபட் கதவில் இறங்கியது. கபட் பலகை தண்ணீர் குடித்துப் புடைக்கும் என்று லெஸ்லி கத்தினார். வேறு வழியில்லாமல் சட்டி வெளிப் பைப்புக்கே திரும்பிப் போனது. சாயங்காலமானால் மழை. ஒரு கையில் குடையும் ஒரு கையில் தேங்காய் நாருமாகக் குந்தியிருந்துவிட்டு எழும்பும்போது முட்டு பூட்டிக்கொள்ளும். பைப்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பாதி எழும்பியபடியே நிற்பாள்.

சிங்க் சும்மா இருந்தும் வேலை வைத்தது. நீட்டிக்கொண்டிருந்த கல்லின் அடியில், சிலிக்கன் பூசிய இடத்தில், சோற்றுக் கஞ்சியும் மீன் எண்ணெயும் போய் ஒட்டிக்கொள்ளும். மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. வாடை மட்டும் வரும். அவள் பழைய பல் பிரஷ் ஒன்றை எடுத்து, கண்ணுக்குத் தெரியாத அந்த இடத்தைக் கை நிதானத்தில் தேய்ப்பாள். பிரஷ் கறுப்பாகத் திரும்பி வரும். லெஸ்லியோ ஒவ்வொரு நாளும் காலையில் சிங்க்கை மெல்லிய துணியால் துடைத்து, தண்ணீர்ப் புள்ளி ஒன்றுகூட இல்லாமல் மினுக்கி வைப்பார். கத்தியை அதில் போடாதே, கரண்டியை உள்ளே எறியாதே, கீறல் விழும். நுஸ்லா சொன்னபடி தண்ணீர் அதில் சத்தமில்லாமல்தான் விழுந்தது. மேலே இந்த மனுஷனின் சத்தம்தான் தாங்க முடியவில்லை.

அவருக்குத் தெரியாமல் ரவூப்பைக் கூப்பிட்டாள். நாளைக்கு வருகிறேன் என்றான். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிய வருகிறேன் என்றான். பல்லேகமப் பக்கம் ஒரு வேலை, அது முடிந்ததும் வருகிறேன் என்றான். பிறகு போனை எடுக்கவே இல்லை. கடைசியில், பார்சல் கொடுத்துவிட்டு வருகிற வழியில், ஒரு கடையின் முன்னால் கல் இறக்கிக்கொண்டிருந்தவனைக் கண்டு த்ரீவீலை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். "தம்பி, இப்பவே ஏறுங்க" என்றாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் மறுபேச்சுப் பேசாமல் கிரைண்டர் பெட்டியை எடுத்துக்கொண்டு, வெறும் பார்சல் பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான்.

வீட்டில் லெஸ்லி ஹோலில் பத்திரிகையோடு உட்கார்ந்திருந்தார். ரவூப்பைக் கண்டதும் அவர் முகம் ஒரு மாதிரிப் போனது. அதை அவள் அப்போது கவனித்தாள், காரணம் விளங்கவில்லை. ரவூப் பென்ட்றிக்கு வந்து, சட்டியைக் கல்லின் வாயில் வைத்துப் பார்த்து, உச்சுக்கொட்டினான்.

"இந்தச் சட்டி இன்னம் பொழங்குறீங்களா அக்கா?"

"பொழங்காம? தெனமும் இதுலதான ஆக்குறேன்."

"இல்ல, நான் அன்டக்கிக் கேட்டேன். பேப்பர் இல்லாட்டியும் ஒண்ணுமில்ல, சிங்க்கோட வாய்க்கி நேரா வெட்டுறேன், பெரிய சட்டி கழுவ அதுதான் லேசுன்டு சென்னேன்." அவன் ஹோல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான். "அண்ணேதான் கல்ல உள்ளுக்கு நீட்டி வெட்டு, விளிம்பு தெரிய வாணாம்ன்டு சென்னாரு. இனி பெரிய சட்டி இல்ல, நத்தாரோட அவ பார்சல் வேலய நிப்பாட்டப்போறாண்டாரு."

கொறற்றி கல்லில் கையை ஊன்றிக்கொண்டாள். பேப்பர் போனது பிழை. அது எவருக்கும் நடக்கும். இது பிழை இல்லை. அவள் கோழி பொரித்துக்கொண்டிருந்த நாளில், தன் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லாமல், கல் வெட்ட வந்தவனிடம் தன் வேலையை முடித்துவைத்திருக்கிறார். அழுகைதான் வருகிறது என்று நினைத்தாள். வாயைத் திறந்தபோது அது கோபமாக வந்தது.

"இங்க வாங்க."

லெஸ்லி வந்தார். நிலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"நான் எப்பங்க நிப்பாட்டுறேன்னு சொன்னேன்?"

"டொக்டர் சொன்னது உனக்கு ஞாபகம் இல்லயா? முட்டப் பாரு. மழையில குந்திக்கிட்டு..."

"குந்தக் கூடாதுன்னுதான இந்த சிங்க்க வாங்கினது?"

அவர் நிலையிலிருந்து கையை எடுத்தார். ரவூப் கிரைண்டர் வயரை இல்லாத சிக்கல் எடுத்துக்கொண்டிருந்தான்.

"நான் பென்சன் எடுத்து வீட்டுக்கு வந்து இவ்வளவு காலமாச்சி," என்றார் லெஸ்லி. அவர் குரல் இறங்கியிருந்தது. "காலையில எழும்பினா நீ வெங்காயத்தோட நிக்கிற. பத்து மணிக்குப் பார்த்தா பார்சல் கட்டுற. பின்னேரம் சட்டியோட வெளியில. ஒரு தேத்தண்ணிய உக்காந்து உன்னோட குடிக்க முடியுதா எனக்கு? நத்தார் முடிய நீயே நிப்பாட்டுவேன்னு நெனச்சேன்."

அது பொய் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. காலையில் ஹோலில் அந்த ஒற்றைக் கோப்பையை அவள் எத்தனையோ தரம் எடுத்துக் கழுவி வைத்திருக்கிறாள். மனசு ஒரு பக்கம் இளகத்தான் செய்தது. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. இதை இருட்டும் நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியிருந்தால், யாருக்குத் தெரியும், சனிக்கிழமைப் பார்சலையாவது அவள் விட்டிருப்பாள்.

"அத என்கிட்டதான சொல்லியிருக்கணும்," என்றாள். "கல்லுகிட்ட சொல்லி வெட்டி வச்சிருக்கீங்க."

லெஸ்லி கல்லின் ஓரத்தை விரலால் தடவினார்.

"ரவூப் தம்பி, வெட்டுங்க."

ரவூப் கல்லின் முன்பக்கத்தைத் தட்டிப் பார்த்தான். வாய்க்கும் கல்லின் முன் ஓரத்துக்கும் இடையில் நாலு விரல்கூட இல்லை. அதிலும் ஓர் அங்குலம் போனால் மிச்சமிருப்பது இரண்டு விரல் அகலம்தான்.

"மூலையிலதான் பயம் அக்கா. நடுவுல வெடிச்சா மறுகா கல்லு முழுக்க மாத்தணும். பொறகு என்னக் கொற செல்ல வாணாம்."

"வெடிச்சா வெடிக்கட்டும். இப்பவும் இது எனக்கு ஒதவாத கல்லுதான."

அவன் கபட்டுக்குள் தலையை விட்டு, கிளிப்புகளைக் கழற்றி, சிலிக்கனைக் கத்தியால் அறுத்து, சிங்க்கைப் பக்குவமாக இறக்கி வெளியே வைத்தான். சிங்க் இருந்த இடத்தில் வெறும் ஓட்டை மட்டும் நின்றது. ஓட்டையின் அடி ஓரமெல்லாம் கறுப்பாக, அவள் பிரஷுக்கு எட்டாத அழுக்கு, சுற்றிலும் வரிசையாக இருந்தது. சிங்க் வாயின் அளவைப் பென்சிலால் கல்லில் குறித்தான். கறுப்புக் கல்லில் பென்சில் தெரியவில்லை. கொறற்றி சுவாமிப் படத்துக்குப் பின்னாலிருந்த சோக்கட்டியை எடுத்துவந்து கொடுத்தாள்.

"கீழால ஒராள் பலகையப் புடிக்கணும்," என்றான் ரவூப். "கல்லு அதுரக் கூடாது. மேலால ஒராள் கோட்டுக்குத் தண்ணி ஊத்தணும், விடாம."

கொறற்றி ஜொக்கில் தண்ணீர் பிடித்தாள். பலகை ஒன்று சுவரில் சாய்ந்து கிடந்தது. அவள் அதை எடுக்கவும் இல்லை, எடுக்கச் சொல்லவும் இல்லை. லெஸ்லி அந்தப் பலகையைப் பார்த்தார், அவள் முட்டைப் பார்த்தார், பிறகு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கபட் கதவைத் திறந்து, முனகிக்கொண்டே குந்தினார். தலையைக் குனிந்து உடம்பை உள்ளே நுழைத்து, பலகையைக் கல்லின் அடியில் கொடுத்து, இரண்டு உள்ளங்கையாலும் மேலே தாங்கினார். வெளியில் தெரிந்தது அவருடைய பாதங்கள் மட்டும்தான்.

கிரைண்டர் அலறத் தொடங்கியது. கொறற்றி தண்ணீரை ஊற்றினாள். கல்லைத் தின்ற தண்ணீர் பால் மாதிரி வெளுத்து, ஓட்டையின் ஓரத்தால் வழிந்து, கபட்டுக்குள் இறங்கியது. உள்ளே லெஸ்லி இருமினார். ரவூப் நிறுத்தி, "அண்ணே, முடியுமா?" என்று குனிந்து கேட்டான். உள்ளேயிருந்து ஏதோ சத்தம் வந்தது. ஆமென்றுதான் எடுத்துக்கொண்டான். மறுபடி கிரைண்டரைக் கோட்டில் வைத்தான்.

நீளப்பக்கம் முடிந்தது. மூலை வந்தது. கல் ஒரு தரம் மெல்லிசாகக் கிணுங்கியது. ரவூப் மூச்சைப் பிடித்துக்கொண்டு கையைத் தூக்காமல் நின்றான். ஜொக்கில் தண்ணீர் முடிந்திருந்தது. அவள் எட்டிப் பைப்பைத் திறந்து நிரப்பும்போது கீழே பார்த்தாள். ஓட்டை வழியாக அவருடைய கைகள் தெரிந்தன. முழங்கை வரைக்கும் வெள்ளைச் சேறு. தலைமயிர் வெள்ளை. விரித்த விரல்களால் பலகையை அழுத்திக்கொண்டு, கண்ணை இறுக மூடியபடி அவர் முகத்தை மேலே உயர்த்தி வைத்திருந்தார்.

"ஊத்துங்க அக்கா," என்றான் ரவூப்.

அவள் ஊற்றினாள்.